பெயர்களின் தொகுப்பு: கோல சிலாங்கூர்த் தோட்டங்களும் பங்குச்சந்தைக் குழுமங்களும்

ஒரே நிறுவனம் பல பெயர்களில் வாணிகம் செய்வது இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. மலேசிய ஆடை விற்பனைத் துறையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பாடினி ஹோல்டிங்ஸ் நிறுவனமாகும். 1971-ஆம் ஆண்டில் சிறிய ஆடை உற்பத்தி முயற்சியாகத் தொடங்கிய அது, 1998-இல் கோலாலம்பூர் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. பாடினி, வின்சி, சீட், பி.டி.ஐ. எனத் தனித்தனிப் பெயர்ப் பலகைகளின்கீழ் அது கடை விரித்திருந்தாலும், பங்கு வாங்குபவருக்கு அவை அனைத்தும் ஒரே கணக்கில் அடங்கும் இனங்களே. எந்தப் பெயரை வளர்ப்பது, எதை மற்றொன்றோடு இணைப்பது, எதைக் கைவிடுவது என்னும் முடிவுகள் கடையில் எடுக்கப்படுவதில்லை. இயக்குநர் அவையில் எடுக்கப்படுகின்றன. வாங்குபவர் பெயரை நம்புகிறார். முதலீட்டாளர் தொகுப்பை நம்புகிறார்.

இம்முறையை அண்மைக்கால வாணிகக் கல்வி கண்டெடுத்த புதுமை என எண்ணுவோர் உளர். ஆயின் கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த வட சிலாங்கூர்ப் பகுதிகளிலும் வாழ்ந்த தமிழர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதே முறையின் உள்ளே இருந்திருக்கின்றனர். அங்கே வணிகப் பெயர்கள் துணிகளுக்கு இடப்படவில்லை, தோட்டங்களுக்கு இடப்பட்டன. அப்பெயர்கள் எவ்வாறு உருவாயின, யாருக்காக உருவாயின, பின்னர் எவ்வாறு இணைக்கப்பட்டன, கைமாறின, சில எவ்வாறு மறைந்தன என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. தோட்ட வரலாற்றைக் கூலி, குடியேற்றம், தொழிற்சங்கம் ஆகிய கோணங்களில் ஆராய்ந்த நூல்கள் பல உள்ளன. பெயர் என்னும் கோணத்தில் நோக்கியவை குறைவு. இக்குறை ஆய்வாளர்களுக்கு நடைமுறையில் எத்தகைய இடர்ப்பாட்டை விளைவிக்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இலண்டனில் விற்ற பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பி பயிரிட்ட துரைமார்கள் பிரேசில் காப்பியின் விலைச் சரிவாலும் பயிரைத் தாக்கிய பூச்சிகளாலும் நொடித்துப் போயினர். காப்பியின் இடத்தை ரப்பர் பிடித்தது. ஆனால் ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை காடு வெட்டவும், வடிகால் தோண்டவும், ஆள் சேர்க்கவும், அவர்களுக்கு அரிசி தரவும் பணம் வேண்டும். தனி ஒரு துரையின் கையிருப்பு அதற்குப் போதாது. ஆகவே நிலத்தை வைத்திருந்தவர் இலண்டனில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதற்குத் தம் நிலத்தை விற்று, விலையில் ஒரு பகுதியைப் பணமாகவும் மறுபகுதியைப் பங்குகளாகவும் பெற்றுக்கொண்டார். எஞ்சிய பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இரண்டு ஷில்லிங் முகமதிப்புள்ள பங்குகள் புழங்கிய காலம் அது. சிறு சேமிப்பாளரும் ரப்பரில் நுழைய முடிந்தது. 1910-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, மலாயாத் தோட்டங்களின் பெயரால் புதிய நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன.

இந்நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இலண்டனில் சொந்த அலுவலகம்கூட இல்லை. செயலாளர் பொறுப்பையும் கணக்கையும் விற்பனையையும் ஆள் சேர்ப்பையும் கவனித்தவை முகவர் நிறுவனங்களே. 1821-இல் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் கத்ரியால் தொடங்கப்பட்ட கத்ரி நிறுவனம், 1844-இல் லிவர்பூலில் தேயிலை வாணிகமாகத் தொடங்கிய ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்ட், 1910-இல் மலாக்காவில் தோன்றிய சைம் டார்பி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஒரு முகவர் நிறுவனம் பல தோட்ட நிறுவனங்களை நிருவகித்தது. ஒவ்வொன்றிலும் அது வைத்திருந்த பங்கு சிறிதாயினும், செயலாளர் பதவியும் இயக்குநர் இருக்கைகளும் அதன் கையில் இருந்தன. ஒரே கனவான்கள் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் இயக்குநர்களாக இருந்ததை அக்கால நிறுவனக் கையேடுகளைப் புரட்டுவோர் எளிதில் காணலாம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நிருவாகம் ஒன்றாகவே இருந்தபோது நிறுவனங்கள் ஏன் தனித்தனிப் பெயர்களில் இருந்தன? முதற்காரணம் இடரைப் பிரித்து வைத்தல். ஒரு தோட்டம் வெள்ளத்தாலோ மலேரியாவாலோ கெட்டால் அதன் இழப்பு அதன் பங்குதாரரோடு நின்றுவிடும். இரண்டாவது காரணம், முகவருக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் தனித்தனியே கட்டணமும் தரகும் கிடைத்தன. மூன்றாவது காரணமே நம் பொருளுக்கு நெருக்கமானது. பெயர் என்பதே ஒரு சரக்கு. முன்பு நல்ல ஈவு கொடுத்த ஒரு தோட்டத்தின் பெயரை ஒத்த பெயருடன் புதிய பங்கு வெளியிடப்பட்டால் அது விலைபோயிற்று.

கோல சிலாங்கூர் வட்டாரப் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த மனப்போக்கு நன்கு புலப்படும். ஆறு, குன்று முதலியவற்றின் மலாய்ப் பெயர்களை அப்படியே ஏற்றவை புக்கிட் ரோத்தான், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்றவை. நைஜல் கார்ட்னர், மேரி என்பன ஆட்பெயர்கள். கோல்ஃபீல்ட்ஸ் என்பது அண்டையிலுள்ள பத்து ஆராங் நிலக்கரி வயலை நினைவூட்டுவது. ரிவர்சைட் வெறும் இடக்குறிப்பு. ஹோப்ஃபுல் என்றும் ஒரு தோட்டத்திற்குப் பெயர் இருந்தது. நம்பிக்கை யாருடையது என்று அப்பெயர் சொல்லவில்லை. பங்கு வாங்கியவருடையதாகவே இருந்திருக்கக்கூடும்.

நாகப்பட்டினத்தில் விற்ற பெயர்

தோட்டப் பெயருக்கு இலண்டன் மட்டுமே சந்தை என்று கொள்வது பாதி உண்மையே ஆகும். அதற்கு மற்றொரு சந்தையும் இருந்தது. அது தஞ்சை, திருச்சி, வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் சிற்றூர்களில் இருந்தது.

1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள் சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. 1907-இல் நிறுவப்பட்ட குடியேற்ற நிதி கப்பற்கட்டணத்தை ஏற்றது. கங்காணி என்பவர் அத்தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்தவர். ஒரு குறிப்பிட்ட தோட்டத்திற்கு ஆள் சேர்ப்பதற்கான உரிமச் சீட்டுடன் அவர் தம் சொந்த ஊருக்குச் சென்றார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியே ஆட்கள் கப்பலேறினர். ஆகவே ஊரில் இருந்தவருக்கு இலண்டன் நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் அறிந்தவை இரண்டு: கங்காணியின் பெயர், தோட்டத்தின் பெயர். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா, காய்ச்சல் அதிகமா, தண்ணீர் நல்லதா, தண்டலும் கிராணியும் எப்படிப்பட்டவர்கள் என்னும் செய்திகள் தோட்டப் பெயருடன் ஒட்டிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. நல்ல பெயர் எடுத்த தோட்டத்துக்கு ஆள் எளிதில் கிடைத்தது. காய்ச்சல் தோட்டம் எனப் பெயரெடுத்த இடத்துக்குக் கங்காணி அதிகம் பேசவேண்டியிருந்தது.

இவ்வாறு ஒரே பெயர் இரு வேறு மக்களிடம் இரு வேறு வாக்குறுதிகளைத் தந்தது. ஒருவருக்கு ஈவு, மற்றவருக்குக் கூலி. ஈவு உயர்வதற்கு ஓர் இராத்தலுக்கான உற்பத்திச் செலவு குறைய வேண்டும். அச்செலவில் பெரும்பகுதி கூலியாகும். முகவர் நிறுவனம் அனுப்பிய வருகை முகவர்கள் ஆண்டுதோறும் தோட்டந்தோட்டமாகச் சென்று இச்செலவை ஒப்பிட்டு அறிக்கை எழுதினர். ஒரு தோட்டத்தில் செலவு குறைந்தால் மற்றத் தோட்டங்களின் துரைமார்களிடம் ஏன் குறையவில்லை என்று கேட்கப்பட்டது. ஆடைக் கடைகளின் விற்பனையைக் கிளைவாரியாக ஒப்பிடும் இன்றைய முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு மிகுதியாக இல்லை.

விலை வீழ்ந்தபோது இத்தொகுப்பு முறையின் மற்றொரு முகம் வெளிப்பட்டது. 1932-இல் ஓர் இராத்தல் ரப்பர் 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்பே, 1930-இல், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டிருந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டங்கள் பெயரளவில் வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியனவாயினும் கூலிக் குறைப்பு எங்கும் ஒன்றாகவே அமைந்தது. துரைமார் சங்கங்களும், 1934-இல் அமைந்த மலாயா ஐக்கிய தோட்ட முதலாளிமார் சங்கமும் அந்த ஒருமையைக் காத்தன. விற்கும்போது பல பெயர்; கூலி கொடுக்கும்போது ஒரே பெயர் எனலாம்.

தொழிலாளர்கள் இதனை உணராமல் இல்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தம் ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. தோட்டத்திற்குத் தோட்டம் பரவி வடக்கே கோல சிலாங்கூர்ப் பக்கமும் எட்டியது. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாண்டு மே மாதம் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். முதலாளிமார் ஒரு தொகுப்பாக இருந்தனர் என்பதைப் பங்குச்சந்தைக் கையேட்டைப் படிக்காமலே கண்டுகொண்டவர்கள் அத்தொழிலாளர்கள்.

தென்னமரம்

இவ்வட்டாரத்துப் பெயர்களுள் தனித்து நோக்கத்தக்கது தென்னமரம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள இத்தோட்டம் ஆங்கிலப் பதிவுகளில் ஒரே சொல்லாக எழுதப்பட்டு, பிறர் அதனை மலாய்ச் சொல்லாகவோ பொருளற்ற ஒலியாகவோ கருதும் நிலை ஏற்பட்டது. ஆனால் அது தென்னை மரம் என்னும் தமிழ்த் தொடரின் பேச்சு வடிவம் என்பதைத் தமிழறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. உலகச் செம்பனை வரலாற்றில் இப்பெயர் நீங்கா இடம் பெற்றது ஒரு பிரெஞ்சுக்காரரால்.

ஹென்றி ஃபோக்கோனியே 1879-இல் பிரான்சின் பார்பெசியே என்னும் ஊரில் பிறந்தவர். 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றின் அருகே ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் நிலம் பெற்று ரப்பர் பயிரிட்டார். அவருக்கு மூலதனத் துணையாக அமைந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அட்ரியன் ஹாலே. சுமத்திராவிலும் ஆப்பிரிக்காவிலும் தோட்ட முதலீடு செய்திருந்த ஹாலே, 1909-இல் சொக்ஃபின் என்னும் நிதி நிறுவனத்தை நிறுவினார். அதன் முழுப்பெயரே ரப்பருக்கான நிதிக் கழகம் என்று பொருள்படும். அது தானே பயிரிடுவதைக் காட்டிலும், பயிரிடும் நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்து ஆளுவதையே அடிப்படையாகக் கொண்டது. பெருமுதலீட்டுக் குழுமம் என்று இன்று நாம் அழைக்கும் அமைப்பின் தெளிவான முன்வடிவம் அது. பிரிட்டிஷ் முகவர் நிறுவனம் செயலாளர் பதவியால் ஆண்டது. ஹாலேயின் நிறுவனம் பங்குடைமையால் ஆண்டது.

ஃபோக்கோனியே சுமத்திராவிலிருந்து கிடைத்த செம்பனை விதைகளை 1911 அளவில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில், காப்பி சரிவர வாராத நிலத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. ரப்பர் விலை எப்போதும் ஒரேபோல் இராது என்னும் எச்சரிக்கை இம்முயற்சியின் பின்னே இருந்தது. ஒரே சரக்கை நம்பியிராமல் வேறொன்றையும் கைவசம் வைத்திருப்பது தொகுப்பு நிருவாகத்தின் முதல் பாடம். அந்தப் பாடம் நடைமுறைக்கு வந்த நிலத்தின் பெயர் ஒரு தமிழ்ப்பெயர் என்பதும், அப்பெயர் குறிக்கும் மரம் வேறு, அங்கு நட்ட மரம் வேறு என்பதும் சுவையான முரண். ஃபோக்கோனியே பின்னர் இத்தோட்ட வாழ்வைப் பின்புலமாகக் கொண்டு எழுதிய பிரெஞ்சு நாவல் 1930-இல் கோன்கூர்ப் பரிசு பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் இடம்பெறுகின்றனர். மலேசியத் தமிழரைப் பற்றி எழுதும் நாம் அந்நூலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது.

குறி அழிந்த ரப்பர்

பெயர் என்பது பங்குப் பத்திரத்திலும் பெயர்ப் பலகையிலும் மட்டும் இருக்கவில்லை. புகையூட்டிய ரப்பர்த் தாள்களைப் பொதியாகக் கட்டி ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு தோட்டமும் தன் குறியைப் பொறித்தது. ரப்பரின் தரம் கண்ணால் பார்த்து முடிவு செய்யப்பட்ட காலத்தில் இக்குறி முக்கியமானது. பால் எடுத்த பெண்ணின் கைச்சுத்தமும், மங்கில் தூசு விழாமல் காத்த கவனமும், புகைக்கூடத்தில் தாள் காய்ச்சியவரின் அனுபவமும் அந்தக் குறியின் மதிப்பில் அடங்கியிருந்தன. தொழிலாளரின் திறமை சந்தையில் ஒரு பெயராக வெளிப்பட்ட ஒரே இடம் அதுவே என்று கூறலாம்.

1965-இல் தரப்படுத்திய மலேசிய ரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளை ஒட்டி உருவான இத்திட்டத்தில் ரப்பர் கட்டியாக அழுத்தப்பட்டு, அழுக்கு, சாம்பல் முதலியவற்றின் அளவைச் சோதனைக்கூடத்தில் கண்டறிந்து தரப்படுத்தப்பட்டது. செயற்கை ரப்பரின் போட்டியைச் சமாளிக்க இது இன்றியமையாத நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவாகத் தோட்டக் குறியின் இடத்தை நாட்டின் குறி பிடித்துக்கொண்டது. வாங்குபவர்க்கு இனிப் புக்கிட் ரோத்தானும் மேரியும் ஒன்றே. பெயர் வேறுபாட்டால் கிடைத்த விலை வேறுபாடு மறைந்ததும், நிறுவனங்களைத் தனித்தனிப் பெயரில் வைத்திருப்பதற்கான தேவையும் தளர்ந்தது. பிற்காலத்து இணைப்புகளுக்கு வரிச்சட்டத்தையும் அரசியலையும் மட்டுமே காரணமாகக் காட்டுவோர் இதனையும் கருத்தில் கொள்ளுதல் நன்று.

துண்டாடலும் இணைப்பும்

1950-களில் விடுதலை நெருங்கிய சூழலில் சில ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய இடைத்தரகர்கள் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை உங்கு அசீஸ் ஆராய்ந்து 1963-இல் அறிக்கையிட்டார். துண்டாடப்பட்ட இடத்தில் லயம் போயிற்று, பள்ளி போயிற்று, வேலையும் போயிற்று. இதற்கு மாற்றாகவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகையைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. பங்குதாரர் தொகுப்புக்கு எதிராக உழைப்பாளர் தொகுப்பு ஒன்றை நிறுத்திய முயற்சி இது. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் விற்பதைவிட இணைப்பதையே தேர்ந்தன. 1906-இல் பதிவான கோலாலம்பூர் ரப்பர் நிறுவனம், படிப்படியான இணைப்புகளின் வழியே 1973-இல் கோலாலம்பூர் கெப்போங் எனும் மலேசிய நிறுவனமாயிற்று. ஹாரிசன்ஸ் நிருவகித்த கோல்டன் ஹோப், பட்டாலிங், லண்டன் ஏசியாட்டிக் ஆகிய நிறுவனங்கள் 1970-களில் ஒன்றாக்கப்பட்டன. 1982-இல் அக்குழுமம் மலேசியர் உடைமையாயிற்று. 1990-இல் கோல்டன் ஹோப் பிளாண்டேஷன்ஸ் என்ற பழைய பெயரையே மீண்டும் பூண்டது. கத்ரியின் கதை இன்னும் விரைவானது. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் தேசிய முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி பங்குகளை வாங்கி அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் நிலம் அதனுடன் வந்தது. அந்நடவடிக்கையில் முதலீட்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த காலிட் இப்ராகிம், கால் நூற்றாண்டு கழித்து 2007 ஏப்ரலில் இதே வட்டாரத்து ஈஜோக் இடைத்தேர்தலில் வேட்பாளராக நின்று, ம.இ.கா.வின் கே. பார்த்திபனிடம் தோற்றார், மறு ஆண்டு அதே தொகுதியில் வென்று மாநில முதல்வரானார். இலண்டனில் ஒரு காலைப்பொழுதில் முடிந்த காரியம் ஈஜோக்கில் இரு தேர்தல்களைக் கேட்டது.

நிறுவனங்களை மலேசியர் மீட்டது வரலாற்றுச் சிறப்புடையது; அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் தொகுப்பை நிருவகிக்கும் முறை கைமாறியதே ஒழிய மாறவில்லை. ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். நகரத்தை அண்டிய தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. 1980 முதல் 2000 வரை ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் தோட்டங்களிலிருந்து வெளியேறினர் என்பது ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் மதிப்பீடு.

நிறுவனங்கள் தோட்டத்திற்கு வெளியே எவற்றை வாங்கின என்பதும் நோக்கத்தக்கது. சுங்கை பூலோவை அடுத்த துவான் மீ தோட்டத்தை உடைய கோலாலம்பூர் கெப்போங், 1996-இல் கிராப்டிரீ அண்டு எவ்லின் என்னும் நறுமண, சோப்பு வணிகப் பெயரை வாங்கியது. 2009-இல் அதன் அமெரிக்கப் பிரிவு திவால் பாதுகாப்பை நாடியது. பின்னர் அப்பெயர் விற்கப்பட்டது. அக்காலத்தில், 2001-இல், தோட்டத் தொழிலாளர் சங்கம் நீண்ட போராட்டத்திற்குப் பின் உறுதிசெய்த மாதச் சம்பளம் 325 ரிங்கிட். இவ்விரண்டையும் ஒரே ஆண்டறிக்கையின் இரு வரிகளாகப் படிக்கும் பழக்கம் பொருளியலாருக்கு உண்டு. வரலாற்றாசிரியர்க்கும் அது வேண்டும்.

பெயர் திரும்பி வருதல்

2007 நவம்பரில் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் ஒரே நிறுவனமாகச் சைம் டார்பி என்ற பெயரில் பட்டியலிடப்பட்டன. நூறாண்டுகளாகப் போட்டியிட்ட பெயர்களுள் இரண்டு ஒரே நாளில் பங்குச்சந்தைப் பலகையிலிருந்து நீங்கின. பத்தாண்டுகள் கழித்து, 2017 நவம்பரில், அந்நிறுவனம் மூன்றாகப் பிரிந்து, தோட்டப் பிரிவும் வீடமைப்புப் பிரிவும் தனித்தனியே பட்டியலிடப்பட்டன. 2024-இல் தோட்டப் பிரிவு தன் பெயரை எஸ்.டி. கத்ரி என மாற்றிக்கொண்டது. 1981-இல் எந்தப் பெயரின்மீது வெற்றி கொண்டாடப்பட்டதோ அதே பெயரைக் கிடங்கிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டியிருப்பதை எளிதில் கடந்துவிட முடியாது. வணிகப் பெயருக்கு நினைவு கிடையாது. மதிப்பு மட்டும் உண்டு.

வீடமைப்புப் பிரிவின் பெயரீடும் இத்தகையதே. கத்ரிக்குரிய எல்மினா தோட்டம் இருந்த நிலத்தில் இன்று எல்மினா நகரம் எழுந்துள்ளது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசியர் 1482-இல் கட்டத் தொடங்கி, பின்னர் அடிமை வாணிகத்தின் களமாக மாறிய கோட்டையின் பெயரும் எல்மினாவே. செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். வீடு வாங்க வருவோர்க்கு அப்பெயர் இனிய ஓசையுடையது. அது போதும் என்று நிறுவனம் கருதுவதில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, பெயர் பயன்படாது என்று விடப்பட்ட இடங்களும் உள. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. அங்கு மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுரிமைக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். அந்நிலங்கள் பெர்ஜெயா குழுமத்தைச் சேர்ந்தவை. காப்பிக் கடை, வறுத்த கோழிக் கடை எனப் பன்னாட்டு வணிகப் பெயர்களைத் தொகுத்து நடத்துவதில் பெயர்பெற்ற குழுமம் அது. 2023-இல் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டம் ஹார்மோனி மடானி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஐந்து தோட்டப் பெயர்களுள் ஒன்றும் அதில் இல்லை. வீடு கிடைப்பதே பெரிது என்னும் நிலையில் இருந்தோர் பெயருக்காக வழக்காடவில்லை. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆய்வாளரின் இடர்ப்பாடு

பெயர்ச் சிக்கல் ஆய்வுக்கு எவ்வாறு இடராகிறது என்பதை இனிக் கூறலாம். ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடும் மாணவர் ஒருவர் தம் பாட்டனார் வேலை செய்த தோட்டத்தின் பெயரை மட்டும் அறிவார். நிறுவன ஆண்டறிக்கைகள் நிறுவனப் பெயரால் அடுக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நிறுவனத்துக்குப் பல தோட்டங்களும், ஒரு தோட்டத்துக்குக் காலந்தோறும் பல நிறுவனங்களும் இருந்தன. தோட்டத்திற்குள்ளேயே தொழிலாளர்கள் பிரிவுகளுக்குத் தமிழில் வேறு பெயர் வழங்கினர். ஆக மூன்று அடுக்குப் பெயர்களையும் பொருத்திக் காட்டும் ஓர் அட்டவணை இன்றி, தோட்டத் தமிழரின் குடும்ப வரலாற்றை ஆவணங்களோடு இணைக்க இயலாது. இலண்டனில் மின்சிங் லேன் பங்குத் தரகர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட ரப்பர் நிறுவனக் கையேடுகள் முதல் அடுக்குக்கு உதவும். மூன்றாம் அடுக்குக்கு எழுத்துச் சான்று இல்லை. முதியோரின் நினைவே சான்று.

இடையிலுள்ள அடுக்கைக் காத்து வைத்திருப்பவை தமிழ்ப்பள்ளிகள். பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. நிறுவனங்களுக்கு அது ஒரு செலவினம். அந்தச் செலவினத்தின் பெயர்ப் பலகையே இன்று நமக்கு மிஞ்சிய ஆவணமாகியிருக்கிறது. தென்னமரம், கோல்ஃபீல்ட்ஸ், ஹோப்ஃபுல், ரிவர்சைட், துவான் மீ என்னும் பெயர்கள் பங்குச்சந்தைப் பட்டியலில் தேடினால் கிட்டா. தோட்டத் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக அவை வழங்கிவருகின்றன. சில பள்ளிகள் தோட்டம் மறைந்தபின் வேறிடத்திற்கு மாறியபோதும் பழைய பெயரையே உடன் கொண்டு சென்றுள்ளன. பள்ளிப் பெயரை நவீனமாக மாற்றலாம் என்னும் கருத்து அவ்வப்போது எழுவதுண்டு. தோட்டம் என்ற சொல்லே இழிவை நினைவூட்டுகிறது என்போரின் உணர்வைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் பெயர் மாறும் நாளில் அப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே போகும் என்ற வினாவையும் உடன் எழுப்ப வேண்டும். பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தந்தையின் வேலை, எந்தப் பிரிவு லயம் என்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. கோல சிலாங்கூர் வட்டாரத் தலைமையாசிரியர்கள் அப்பதிவேடுகளை ஒளிப்படியாக எடுத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பித்தால், மேற்சொன்ன அட்டவணையின் இரண்டாம், மூன்றாம் நிரல்களை நிரப்பும் பணியைத் தொடங்கிவிடலாம். முதல் நிரலை நிரப்பக் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் உள்ள நிறுவன ஆவணங்கள் காத்திருக்கின்றன.